குடை, துடைப்பம், கட்டைவிரல்: சில நைஜீரியக் குறிப்புகள்

2025 ஏப்ரல் 23. லாகோஸில் என்னோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழு அன்று மாலை முதல் ஓயவில்லை. டெல்டா மாநில ஆளுநர் ஷெரிஃப் ஒபோரெவ்வோரி எதிர்க்கட்சியான பிடிபியை விட்டு, நாட்டை ஆளும் ஏபிசிக்குப் போகிறார். முன்னாள் ஆளுநர் இஃபியானி ஒகோவாவும் கூடவே போகிறார். மாநிலத்தில் கட்சி என்று இருந்த மொத்த அமைப்பும் அவர்கள் பின்னால் போகிறது. (நைஜீரியாவில் ஆளுநர் என்றால் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். நம் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.)

இரண்டே ஆண்டுக்கு முன்பு இதே ஒகோவாதான் பிடிபியின் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளர். 1999 முதல் அந்த நாள்வரை டெல்டாவை வேறு எந்தக் கட்சியும் ஆண்டதில்லை.

குழுவில் டெல்டாவின் அசாபா பக்கத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். கணக்குப் பிரிவில் எனக்கு எதிர் மேசை. அவருடைய அப்பா தன் வார்டில் பிடிபியின் பழைய பொறுப்பாளர். எல்லோரும் எழுதி ஓய்ந்தபின் அவர் ஒரே ஒரு வரி போட்டார்: “அப்பா காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை.”

அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. எனக்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்தக் குறிப்புகள் அந்த வரிக்கு நான் தாமதமாகத் தேடும் பதில்.

*

2012 முதல் 2017 வரை நான் லாகோஸின் இகேஜாவில் இருந்தேன். காலையில் பேருந்து நிறுத்தத்தில் செய்தித்தாள் விற்பவர் நாளிதழ்களைப் பலகையில் விரித்து வைத்திருப்பார். சுற்றி இருபது முப்பது பேர். வாங்குகிறவர் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் தலைப்புகளை நின்றபடியே படித்துவிட்டு அங்கேயே வாதத்தில் இறங்குவார்கள். ஊர் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் ‘ஃப்ரீ ரீடர்ஸ் அசோசியேஷன்’. ஓசியில் படிப்போர் சங்கம்.

அந்தச் சங்கத்தில் மெக்கானிக்கும் வங்கி ஊழியரும் சமம். ஒருவர் டான்ஃபோ வண்டிக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு ஆளுநரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறிப் போவார். அடுத்தவர் வந்து வழக்கை மறுபடி திறப்பார். கை ஓங்கிப் பார்த்ததில்லை. அடிவாங்கும் தூரத்தில் நின்று பேசும்போது நாக்குக்கு ஒரு கணக்கு இருக்கும்.

இன்று அதே வாதம் எக்ஸ் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. பேசுவோர் அதே மக்கள். அந்தத் தூரம்தான் மாறிப்போனது.

*

கட்சி மாறுவதற்கு நைஜீரியர்கள் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘டிகேம்ப்’: கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போவது. இன்னொன்று ‘கார்ப்பெட் கிராசிங்’: கம்பளம் தாண்டுவது. சட்டமன்றத்தில் இரு தரப்பு இருக்கைகளுக்கும் நடுவே விரித்த கம்பளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் உட்காருவது.

இரண்டாவது சொல்லுக்கு ஊர் உண்டு, ஆண்டும் உண்டு. இபாடான், 1952 ஜனவரி. மேற்கு மண்டலத்தின் சட்டமன்றம் கூடியபோது, இக்போ இனத் தலைவர் அசிகிவேயின் என்சிஎன்சி பக்கம் இருப்பார்கள் என்று நம்பப்பட்ட உறுப்பினர்கள் சிலர் யொருபா இனத் தலைவர் அவோலோவோவின் ஆக்‌ஷன் குரூப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். லாகோஸிலிருந்து தேர்வாகி வந்திருந்த அசிகிவே எதிர்க்கட்சி வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. பிறகு அவர் தன் கிழக்கு மண்டலத்துக்கே திரும்பிப்போனார்.

போனவர்கள் முதலில் என்சிஎன்சி ஆட்களாக இருந்தார்களா என்பதே இன்றும் சண்டை. எழுபது ஆண்டு தாண்டியும், இக்போவும் யொருபாவும் வாதாடும் எந்த இடத்திலும் பத்தாவது பதிலுக்குள் 1952 வந்துவிடும். எழுதுகிறவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தாத்தா பட்ட காயத்தை நேற்றுப் பட்டதுபோல் எழுதுவார்.

*

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் தாண்டாமல் நின்றவர். அடெகோகே அடெலாபு. இபாடான் மக்கள் கட்சியின் ஆறு உறுப்பினர்களில் ஐந்து பேர் ஆக்‌ஷன் குரூப்புக்குப் போனார்கள். அவர் ஒருவர் மட்டும் என்சிஎன்சியோடு நின்றார். யொருபாக்காரர், இபாடான் மண்ணின் பிள்ளை. தன் இனத்துத் தலைவர் கண்ணெதிரே இருக்க, வேற்று இனத்துத் தலைவரின் கட்சியில் இருந்துகொண்டு மேற்கு மண்டலத்தின் எதிர்க்கட்சித் தலைவராக இயங்கினார்.

அவையில் அவர் ஒருமுறை சொன்ன ‘பெக்குலியர் மெஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை இபாடான் சனங்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி ‘பெங்கெலெமெசி’ என்று ஆக்கி, அவருக்கே பட்டப்பெயராகச் சூட்டினார்கள். 1958 மார்ச்சில் கார் விபத்தில் இறந்தார். நம்ப மறுத்த மக்கள் தெருவில் இறங்க, இபாடானில் கலவரம் மூண்டது.

அவர் குறை இல்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘உன் இனம் எதுவோ அதுவே உன் கட்சி’ என்று இன்று இளைஞர்கள் ஒருவருக்கொருவர் விதி எழுதும்போது, அந்த விதி அதே மண்ணில் அப்போதே மீறப்பட்டது என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

*

வாக்குச்சீட்டைப் பற்றி ஒரு குறிப்பு. நைஜீரிய வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது. கட்சியின் சின்னமும் சுருக்கப் பெயரும் மட்டுமே இருக்கும். கட்டைவிரலை மையில் தொட்டுச் சின்னத்துக்கு நேரே பதிக்க வேண்டும். பிடிபி என்றால் குடை. ஏபிசி என்றால் துடைப்பம். லேபர் கட்சிக்கு அப்பா, அம்மா, குழந்தை. ஏடிசிக்குக் கைகுலுக்கல். சுயேச்சையாக நிற்க அரசியல் சட்டத்தில் வழியே இல்லை.

ஆக மக்கள் ரேகை பதிப்பது சின்னத்தின் மீது. அந்த ரேகையைக் கொண்டு பதவிக்கு வருகிறவர் ஆள். ஆள் சின்னத்தை விட்டுப் போகும்போது ரேகை யாருக்குச் சொந்தம்?

உச்ச நீதிமன்றம் 2007இல் இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் தொட்டது. ரிவர்ஸ் மாநிலத்தில் உட்கட்சித் தேர்தலில் வென்ற அமேச்சியை ஒதுக்கிவிட்டு பிடிபி வேறொருவரை நிறுத்தியது. அவர் வென்று ஆளுநரும் ஆனார். வாக்கு கட்சிக்கு விழுந்தது, கட்சியின் முறையான வேட்பாளர் அமேச்சிதான் என்று நீதிமன்றம் சொல்ல, தேர்தலில் நிற்காத அமேச்சி ஆளுநரானார். அதே ஆண்டு, துணைக் குடியரசுத் தலைவர் அதிகு அபூபக்கர் ஆளுங்கட்சியை விட்டு எதிர்க்கட்சியில் சேர்ந்த வழக்கில், கட்சி மாறியதால் பதவி போகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

இரண்டுக்கும் சட்டத்தில் தனித்தனிக் காரணம் உண்டு. ஆனால் வரிசையில் நின்று மை தொட்ட மனிதருக்கு அந்தக் காரணங்களை எப்படி விளக்குவது?

*

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தடை இருக்கிறது. 1999 அரசியல் சட்டத்தின் 68, 109 பிரிவுகள்: எந்தக் கட்சியில் வென்றாரோ அதை விட்டுப் போனால் இடம் காலி. கட்சி பிளவுபட்டிருந்தாலோ வேறு கட்சியோடு இணைந்திருந்தாலோ விதிவிலக்கு. அந்தப் பிளவு கட்சியையே தேசிய அளவில் இயங்கவிடாமல் செய்வதாக இருக்க வேண்டும் என்று 2015இல் அபேகுண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

நடப்பது வேறு. அவைத்தலைவர் மேசையில் இருந்து விலகல் கடிதம் வாசிக்கப்படும். “எங்கள் கட்சியில் பிளவு” என்று ஒரு வரி அதில் இருக்கும். கைதட்டல். அடுத்த அலுவல். ஆளுநர்களுக்கு அந்தத் தடையும் இல்லை. கட்சி மாறிய எபோன்யி ஆளுநரைப் பதவியிலிருந்து இறங்கச் சொல்லி 2022 மார்ச்சில் அபுஜா நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை.

*

ஏன் போகிறார்கள்? பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். வாதங்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பணம் எந்த வழியாக ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கட்சிக்கு உறுப்பினர் சந்தா என்று சொல்லும்படி எதுவும் வருவதில்லை. மாநில அலுவலக வாடகை முதல் மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளின் விடுதிச் செலவு வரை ஆளுநர் தலையில். செலவு செய்பவர் கையில்தான் கட்சி. அவர் போனால் அலுவலகம், நாற்காலி, பெயர்ப்பலகை எல்லாம் கூடவே போகும். 2022இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக விரும்புவோருக்கு ஏபிசி விற்ற விண்ணப்பத்தின் விலை 10 கோடி நைரா. பிடிபியில் 4 கோடி. அந்த விலையில் ஒரு பள்ளி ஆசிரியரால் கட்சிக்குள் எதைக் கேட்க முடியும்?

அடுத்தது தலைநகர் அபுஜா. எண்ணெய் வருமானம் உட்படக் கூட்டாட்சி நிதி மாதாமாதம் அங்கே பங்கிடப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் அதை நம்பித்தான் சம்பளம் போடுகின்றன. போலீஸ் மத்திய அரசின் கையில். ஊழல் வழக்குத் தொடுக்கும் அமைப்பும் அப்படியே. கட்சி மாறும் ஆளுநர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: மாநிலத்தை ‘மத்தியோடு இணைக்கிறோம்’. 2019 ஜனவரியில் அன்றைய ஏபிசி தலைவர் ஓஷியோம்ஹோலே, கட்சியில் சேர்ந்துவிட்டால் பாவங்கள் மன்னிக்கப்படும் என்ற பொருளில் மேடையிலேயே பேசினார். மக்கள் அதை மறக்கவில்லை. ஒவ்வொரு தாவலின்போதும் அந்தப் பழைய காணொளி மறுபடி சுற்றுக்கு வருகிறது.

*

இங்கே வரலாற்றின் ஒரு திருப்பத்தை எழுதியாக வேண்டும். என் லாகோஸ் ஓட்டுநர் எனக்குச் சொன்னது. பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

2003 தேர்தலில் தென்மேற்கின் ஆறு யொருபா மாநிலங்களில் ஐந்தை ஏடி கட்சியிடமிருந்து பிடிபி பறித்தது. தப்பிய ஒரே ஆளுநர் லாகோஸின் போலா தினுபு, 2023இல் குடியரசுத் தலைவரானவர். லாகோஸில் அவர் புதிதாக 37 உள்ளாட்சிப் பகுதிகளை உருவாக்கியதைக் காரணம் காட்டி, 2004இல் குடியரசுத் தலைவர் ஒபசாஞ்ஜோ லாகோஸ் உள்ளாட்சிகளுக்கான நிதியை நிறுத்தினார். அப்படி நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் விவகாரம் தீரவில்லை. 2007இல் யார்அதுவா பதவிக்கு வந்தபிறகே தீர்ந்தது. அவ்வளவு காலமும் லாகோஸ் தன் வரி வருமானத்தைப் பெருக்கிக்கொண்டு தாக்குப்பிடித்தது. தினுபு மத்தியோடு இணையப் போகவில்லை.

ஏடி, பிறகு ஏசி, பிறகு ஏசிஎன். கடைசியில் 2013 பிப்ரவரியில் புகாரியின் சிபிசி, ஏஎன்பிபி, ஏப்காவின் ஒரு பிரிவு எல்லாம் சேர்ந்து ஏபிசி. அந்த ஆண்டின் முடிவில் பிடிபியை விட்டு ஐந்து ஆளுநர்கள் வந்து சேர்ந்தார்கள். 2015இல் ஏபிசியின் புகாரி 1.54 கோடி வாக்கு, பிடிபியின் ஜோனாதன் 1.29 கோடி. பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றது அந்நாட்டில் அதுவே முதல்முறை. மார்ச் 31 அன்று ஜோனாதன் தொலைபேசியில் புகாரியை அழைத்து வாழ்த்தினார். இகேஜாவில் எங்கள் தெருவில் பிள்ளைகள் துடைப்பங்களை ஏந்தி ஓடியதைப் பால்கனியில் நின்று பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது.

எதிர்க்கட்சியாகப் பதினாறு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும் என்று நாட்டுக்குக் காட்டியவர் தினுபு. 2025இல் எதிர்க்கட்சி ஆளுநர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வது அவருடைய கட்சியில். ஏப்ரலில் டெல்டா, ஜூனில் அக்வா இபோம், அக்டோபரில் எனுகு, நவம்பரில் பயெல்சா. தான் பட்டது என்னவென்று மறக்காத ஒருவர் இந்த வரிசையைப் பெருமையாக எண்ணமாட்டார் என்று நான் நினைக்கிறேன்.

*

வடக்கே கானோவில் ஒரு சிவப்புத் தொப்பி உண்டு. ரபியு குவான்குவாசோவின் ‘குவான்குவாசியா’ இயக்கத்தின் அடையாளம். அவர் பிடிபியில் ஆளுநர், 2013இல் ஏபிசி, 2018இல் மறுபடி பிடிபி, 2022இல் என்என்பிபி. 2023 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் வென்ற ஒரே மாநிலம் கானோ. சின்னம் ஒவ்வொரு தடவையும் மாறியது. தொப்பி மாறவேயில்லை. அங்கே கட்சி விசுவாசம் பற்றிப் பேசினால் யாருக்கும் விளங்காது. தொப்பி விசுவாசம் என்றால் உடனே விளங்கும்.

அதே கானோவில்தான் 1950இல் நேப்பு கட்சி பிறந்தது. அமினு கானோவின் கட்சி. எமிர்களின் ஆட்சியை எதிர்த்து எளிய மக்களுக்காக நின்றது. அதன் தொண்டர்களை உள்ளூர் நீதிமன்றங்கள் சிறைக்கு அனுப்பின. அந்த மண்டலத்தில் அது ஆட்சிக்கு வந்ததே இல்லை. ஆனாலும் ஆட்கள் இருந்தார்கள். 1979இல் அதன் வாரிசான பிஆர்பி கானோவிலும் கடுனாவிலும் ஆளுநர் பதவிகளை வென்றது. பதவி கிடைக்காமலே கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு கொள்கையோடு இருந்தவர்கள் அந்நாட்டிலும் உண்டு. ‘எங்களுக்கு அரசியலில் விசுவாசம் என்பதே வராது’ என்று நைஜீரியர்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ளும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள்.

*

2021 ஜூன் 5 முதல் 2022 ஜனவரி 13 வரை நைஜீரியாவில் ட்விட்டருக்குத் தடை. உள்நாட்டுப் போரை நினைவூட்டி மிரட்டும் தொனியில் புகாரி போட்ட பதிவை அந்நிறுவனம் நீக்கியதை அடுத்து வந்த தடை. இளைஞர்கள் விபிஎன் வழியாக உள்ளே வந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். 2020 அக்டோபரில், போலீஸ் கொடுமைக்கு எதிரான எண்ட்சார்ஸ் போராட்டத்தில் லெக்கி சுங்கச்சாவடியில் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த தலைமுறை அது.

அதே தலைமுறை 2022இல் பீட்டர் ஓபியைப் பிடித்துக்கொண்டது. அவர் மே 24 அன்று, உட்கட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, பிடிபியை விட்டார்; சில நாளில் லேபர் கட்சியில் சேர்ந்தார். அதற்கு முன் ஏப்கா. 2019இல் அதிகுவுக்குத் துணை வேட்பாளர். ஆதரவாளர்கள் தங்களை ‘ஓபிடியண்ட்’ என்று அழைத்துக்கொண்டார்கள். “ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து ட்வீட் போடுகிறார்கள்” என்று எதிர்த்தரப்பு கேலி செய்தது. ‘ஸ்ட்ரக்சர்’ இல்லை என்றது. அதாவது வார்டு தோறும் ஆள், ஆளுக்குப் பணம்.

2023 பிப்ரவரி 25, குடியரசுத் தலைவர் தேர்தல். தினுபுவின் சொந்த லாகோஸில் ஓபிக்கு 5,82,454. தினுபுவுக்கு 5,72,606. வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் குறைவு. பிடிபியின் துணை வேட்பாளர் ஒகோவாவின் சொந்த மாநிலமான டெல்டாவில்? ஓபி 3,41,866, பிடிபி 1,61,600. ஆளுநரும் கட்சி அமைப்பும் குடைக்கு இருந்தும், மக்கள் வேறு சின்னத்தில் விரல் பதித்தார்கள். மூன்று வாரம் கழித்து ஆளுநர் தேர்தலில் அதே மக்கள் குடையை வெல்லவைத்தார்கள். அவர்களுக்கு யோசிக்கத் தெரியும். ‘மந்தை’ என்று எழுதுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

*

நாடு முழுக்க: ஏபிசியின் தினுபு 87,94,726. பிடிபியின் அதிகு 69,84,520. ஓபி 61,01,533. குவான்குவாசோ 14,96,687.

பிடிபி ஆட்கள் இந்த எண்களைக் கூட்டுவதை நிறுத்தவேயில்லை. அதிகுவும் ஓபியும் சேர்ந்தால் 1.3 கோடி. “நீங்கள் போகாமல் இருந்திருந்தால் வென்றிருப்போம். துரோகம் உங்களுடையது.” ஓபி ஆட்கள் திருப்பிக் கேட்பார்கள்: “வடக்கிலிருந்து எட்டு ஆண்டு புகாரி ஆண்ட பிறகு, தெற்குக்கு விட வேண்டிய முறையை, வடக்கின் அதிகுவை நிறுத்தி உங்கள் கட்சியே மீறவில்லையா? முதலில் துரோகம் செய்தது யார்?”

காகிதத்தில் கூட்டல் சரி. ஆனால் லாகோஸில் ஓபிக்குப் போட்ட இளைஞர் அதிகுவுக்குப் போட்டிருப்பாரா? சோகோட்டோவில் அதிகுவுக்குப் போட்ட முதியவர் ஓபிக்குப் போட்டிருப்பாரா? பாதிப்பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். வாக்கு என்பது சாக்கில் கட்டி ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் தூக்கிப்போகும் சரக்கு என்று தலைவர்கள் நினைக்கலாம். ரேகை பதித்தவர்களே ஒருவருக்கொருவர் அப்படிப் பேசிக்கொள்வதுதான் என்னை வருத்துகிறது.

*

வசைச்சொற்கள்.

தினுபு ஆதரவாளரை ‘அக்பாடோ’ என்பார்கள். மக்காச்சோளம். தன் பேச்சில் அவர் சொன்ன சொல்லே அவர் ஆட்களுக்குப் பெயராகிவிட்டது. அவரே 2022 ஜூனில் அபெயோகுட்டாவில் ‘எமி லோகான்’ என்றார். ‘இது என் முறை’. அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள், சாபமாகவும் சொல்கிறார்கள்.

ஏபிசியை ஆதரிக்கும் இக்போவுக்குச் சொந்த இனத்தார் வைத்த பெயர் ‘சாபோ’. 1967–70 உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன பயாஃப்ராவுக்குள் உளவாளி, காட்டிக்கொடுப்பவன் என்று சந்தேகிக்கப்பட்டவரைக் குறிக்கப் புழங்கிய சொல். அந்தச் சந்தேகத்தில் உயிர் போனவர்கள் உண்டு. இன்று கட்சி விருப்பத்துக்காக ஒருவர் மீது அதை எறிகிறவருக்கு அதன் எடை தெரியுமா?

ஓபியை ஆதரிக்கும் யொருபாவைச் சொந்த இனத்தாரே பிறப்பைச் சொல்லி ஏசுகிறார்கள். 2023 மார்ச் 18 லாகோஸ் ஆளுநர் தேர்தலில் லேபர் வேட்பாளர் ரோட்ஸ்-விவுர் லாகோஸ் குடும்பத்துப் பிள்ளை. அம்மா இக்போ, மனைவி இக்போ. அதையே அவர்மீது குற்றமாக்கினார்கள். அன்று பல வாக்குச்சாவடிகளில் இக்போ என்று தோன்றியவர்கள் மிரட்டி விரட்டப்பட்டார்கள். கைபேசியில் வாரக்கணக்கில் எழுதப்பட்ட சொல் கடைசியில் தடியாக வரிசையில் வந்து நின்றது.

*

மேலே உள்ள எல்லாச் சண்டைக்கும் நடுவே ஒரு எண்ணை வைக்க வேண்டும். 2023 தேர்தலுக்கு முன் வாக்காளர் அட்டையைக் கையில் வாங்கியவர்கள் 8.72 கோடி. அந்த அட்டைக்காக எத்தனை நாள் எத்தனை வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்று எழுதாத நைஜீரியர் இல்லை. தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் 2.5 கோடி சொச்சம்.

வெயிலில் நின்று அட்டை வாங்கிய ஆறு கோடிக்கும் மேற்பட்டோரை சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு நா வராது. யாருக்குப் போட்டாலும் அவர் எங்கே போய்ச் சேர்வார் என்று தெரியாதபோது, அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டில் இருப்பதும் ஒருவகைக் கணக்குதான். ஒவ்வொரு தாவலும் அந்த அலமாரிகளில் இன்னும் கொஞ்சம் அட்டைகளைப் பூட்டுகிறது.

*

2025 ஜூலை 2, அபுஜா. சிதறிக் கிடந்த எதிர்த்தரப்புத் தலைவர்கள் ஏடிசி என்ற சிறிய கட்சியைத் தங்கள் பொது மேடையாக ஏற்றார்கள். இடைக்காலத் தலைவர் டேவிட் மார்க், செயலாளர் அரெக்பெசோலா. அதிகு அந்த மாதமே பிடிபியை விட்டார். ஓபி ஆண்டின் கடைசி நாளில் எனுகுவில் ஏடிசியில் சேர்ந்தார். பிடிபியின் பழைய ஆளுநர் வீகே அந்தக் கட்சியில் இருந்தபடியே 2023 முதல் தினுபு அரசில் அமைச்சர். நவம்பரில் பிடிபியின் இபாடான் மாநாடு அவரைக் கட்சியைவிட்டு நீக்கியதாக அறிவித்தது. அவர் தரப்பு ஏற்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இளைஞர்கள் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: “கட்சி வெறும் வண்டி. ஓட்டுநரைப் பாருங்கள்.” அதற்கு ஒரு பெரியவர் எழுதிய பதிலை எடுத்து வைத்திருக்கிறேன்: “மகனே, வண்டி யாருடையது என்று தெரியாமல் ஏறினால் இறங்கும் இடமும் உன் கையில் இல்லை.” இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருவரும் அன்று ஒருவரையொருவர் ஏசவில்லை. செய்தித்தாள் பலகை முன் நின்றதுபோல் இருந்தது.

*

நான் எங்கே நிற்கிறேன்?

தாவல் எல்லாம் ஒன்றென்று நான் நினைக்கவில்லை. கூரையிலிருந்து மழைக்குள் இறங்குகிறவர் எதையோ இழக்கிறார். பதவி, பாதுகாப்பு, சில நேரம் சுதந்திரம். மழையிலிருந்து கூரைக்குள் ஓடுகிறவர் தன் பின்னால் நனைகிறவர்களை விட்டுவிட்டு ஓடுகிறார். 2013இல் ஆளுங்கட்சியை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் இல்லாமல் 2015 இல்லை. 2025இல் உள்ளே ஓடியவர்களால் யாருக்கு என்ன கிடைத்தது என்று அந்தந்த மாநில மக்கள் கேட்கட்டும்.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. வாக்குப் போட்டவரிடம் வந்து சொல்ல வேண்டும். இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வாக்குக் கேட்க வேண்டும். ஒரு ஆளுநர் அப்படிச் செய்து தோற்றிருந்தால்கூட அந்நாட்டுப் பிள்ளைகள் அவர் பெயரை நெடுங்காலம் சொல்லியிருப்பார்கள்.

கட்சிக்காரர்களுக்கும் ஒன்று. தலைவர் போன திசையிலேயே தன் நியாயத்தையும் திருப்பிவைப்பது விசுவாசம் ஆகாது. நேற்று எதைத் தப்பு என்றாயோ அது இன்று உன் தலைவர் செய்தாலும் தப்புதான். இதைத் தன் பக்கத்து ஆட்களிடம் சொல்பவர்தான் அதிகம் ஏச்சு வாங்குகிறார். அப்படிப்பட்டவர்களைத்தான் நான் தேடித்தேடிப் படிக்கிறேன்.

*

இசி8ஏ. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்ததும் நிரப்பப்படும் தாளின் பெயர். 2023இல் நாடு முழுக்க 1,76,846 சாவடிகள். தாள்களைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவோம் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் அது சொன்னபடி நடக்கவில்லை. அதனால் பலரும் சாவடியிலேயே இருந்து, தாளைத் தங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அசாபாப் பெண்ணும் எடுத்தார். அன்று அப்பா குடைக்கும் மகள் லேபருக்கும் போட்டார்கள். எண்ணி முடிக்க இருட்டிவிட்டது. மகள் டார்ச் பிடிக்க, அப்பா எண்களை உரக்க வாசித்தாராம். அவர் கட்சி அந்தச் சாவடியில் தோற்றிருந்தது. லேபரின் எண்ணைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு, எழுதியது சரிதானா என்று அதிகாரியிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டாராம்.

அந்த ஏப்ரல் நாளுக்குப் பிறகு அப்பா பேசத் தொடங்க நாலு நாள் ஆயிற்று. வார்டு அலுவலகத்தில் பெயர்ப்பலகை மாறிவிட்டது. வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. ஏடிசிக்கும் போகவில்லை. மகளிடம் அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

எனக்கும் அனுப்பிவைத்தார். நீல மை, கோணலான கையெழுத்து, மூலையில் டார்ச்சின் மஞ்சள் வட்டம். வாக்குக் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் இன்று வேறு சின்னத்தில் இருக்கிறார்கள். தாளில் குடைக்கு நேரே இருக்கும் எண்ணில் அந்தப் பெரியவரின் ஒன்று, லேபருக்கு நேரே இருக்கும் எண்ணில் அவர் மகளின் ஒன்று. இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

2027இல் இருவரும் அதே சாவடிக்குப் போவார்களாம். யாருக்குப் போடுவதென்று இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. எண்ணி முடியும்வரை இருப்பதென்று மட்டும் முடிவு செய்திருக்கிறார்கள். டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கச் சொல்லி அப்பா இப்போதே ஞாபகப்படுத்துகிறாராம்.